மச்சினன் கயிறும் மஞ்சள் குழாயும்

புதுச்சேரியில் ஒரு டைவிங் கடையின் பின்கட்டு. வேப்பமர நிழலில் நீலப் பிளாஸ்டிக் தொட்டி, அதில் அசையாத தண்ணீர். ரெகுலேட்டர் பழுதுபார்க்கும் அண்ணன், ஆரத்தித் தட்டை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஒரு மஞ்சள் வட்டத்தை ஏந்தி, அதன் வாய் மேல்நோக்கி இருக்கும்படி தண்ணீருக்குள் இறக்கினார். ஓர் அங்குலம் இறங்கியது; ஓசை இல்லை. இன்னும் ஒரு நூல். இன்னும் ஒரு நூல். "காதைக் கிட்ட வெச்சுக் கேளுங்க தம்பி" என்றார். ஒன்றரை அங்குலத்தைத் தொட்டபோது, உறங்கும் குழந்தையின் மூச்சைப்போல 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய காற்று எழுந்தது. கையை ஒரு நூல் உயர்த்தினார், அடங்கியது. தாழ்த்தினார், எழுந்தது. நாலைந்து முறை இப்படி. ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில் எழுந்து அதே இடத்தில் அடங்கியது. தாளம் தவறாத கைபோல.

அந்த மஞ்சள் வட்டத்துக்கு நான் கொடுத்த விலை, கூட வந்த நண்பர் தம் முதன்மை ரெகுலேட்டருக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. கடலுக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் கடைசியாக வாங்குவது இதைத்தான். முகத்துக்கு இதமான கண்ணாடி, காலுக்குப் பிடித்த துடுப்பு, கையில் மின்னும் டைவ் கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கி முடித்து, பையில் மிஞ்சியதைத் துழாவி எடுத்து வாங்குவது. காற்று தீர்ந்துபோன தோழருக்குக் கொடுக்கக் கூடவே கொண்டுபோகும் இரண்டாவது வாய் இது. ஆக்டோபஸ் என்று பெயர். முதுகிலிருந்து கிளம்பும் குழாய்களைப் பார்த்த யாரோ வைத்த பெயராக இருக்க வேண்டும். எட்டுக் கால் இல்லை, ஆனாலும் ஒட்டிக்கொண்டது. நானும் மிஞ்சிய பணத்தில்தான் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க, இதில் மலிவு என்று நான் நினைத்திருந்த ஒவ்வொன்றும் ஒரு நயமாக மாறிக்கொண்டே வந்தது. உங்களையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் அந்த மூச்சின் பாதையைப் பாருங்கள். முதுகிலுள்ள சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. நாம் இங்கே சுவாசிக்கும் காற்றைப்போல் இருநூறு மடங்கு நெருக்கம். சிலிண்டரின் கழுத்தில் பூட்டிய 'முதல் நிலை' என்னும் வால்வு அதை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு மேல் ஒன்பது, பத்து பார் அளவுக்குத் தணிக்கிறது. அங்கிருந்து குழாய் வழியே வரும் காற்றை வாயில் இருக்கும் இரண்டாம் நிலை, நீரின் அழுத்தத்துக்குச் சமமாக, இதழ் தாங்கும் பதத்துக்கு இன்னொரு முறை தணித்துத் தருகிறது. சீறி வந்த காட்டாறு இரண்டே மடையில் தோட்டத்து வாய்க்காலாகி விடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு பார், இருபதில் மூன்று, முப்பதில் நான்கு என்று வெளியே நீர் இறுக இறுக, உள்ளே வரும் காற்றும் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்கிறது. பேட்டரி இல்லை, கணக்குப் போடும் சில்லு இல்லை. ஒரு ரப்பர்ச் சவ்வு, ஒரு நெம்புகோல், ஒரு ஸ்பிரிங்.

ஆக்டோபஸும் ஓர் இரண்டாம் நிலைதான். திறந்துபார்த்தால் இந்த மூன்றும்தான் கண்ணில் படும். முன்மூடியைத் திருகிக் கழற்றினால், கண்ணாடி போன்ற மெல்லிய சிலிகோன் சவ்வு. நடுவில் ஒரு சிறு வட்டத் தகடு. அதைத் தொட்டபடி, வணங்கும் விரலைப்போல் வளைந்து நிற்கும் நெம்புகோல். நாம் மூச்சை இழுக்கும்போது சவ்வு உள்வாங்குகிறது, நெம்புகோலைத் தொடுகிறது, நெம்புகோல் வால்வின் சிறு கதவை இழுக்கிறது, காற்று வருகிறது. மூச்சை நிறுத்தினால் எல்லாம் தத்தம் இடத்துக்கு மீள்கின்றன. சவ்வுக்கும் நெம்புகோலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மிகச் சிறிது. நல்ல கைகள் சரிசெய்த ஆக்டோபஸை எடுத்துக் காதருகே ஆட்டிப்பாருங்கள், நெம்புகோல் லொடலொடக்காது. அந்த மௌனத்துக்குத் தனி விலை எதுவும் இல்லை. மலிவான கருவியிலும் கிடைக்கும், கை நன்றாக இருந்தால்.

விலை உயர்ந்த இரண்டாம் நிலைகளில் அந்தக் கதவின் தண்டில் ஒரு நுண்துளை போட்டு, பின்னாலும் காற்றை அனுப்பிச் சமன் செய்திருப்பார்கள். முன்னும் பின்னும் காற்று சமமாகத் தள்ளுவதால் மென்மையான ஸ்பிரிங் போதும்; பட்டுப்போல் திறக்கும். ஆழத்திலும், சிலிண்டரில் காற்று குறைந்தபோதும் மூச்சின் சுகம் மாறாது. எளியவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வலுவான ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். முதன்மை ரெகுலேட்டரில் இது கொஞ்சம் குறைதான். ஒரு மணி நேரம் வாயில் வைத்திருக்கும் பொருள் அது. ஒவ்வொரு மூச்சிலும் அந்தச் சிறு வித்தியாசம் தாடைக்குத் தெரியும்.

ஆனால் ஆக்டோபஸின் வாழ்க்கை வேறு. அது வாயில் இருப்பதில்லை. நெஞ்சோரம் தொங்கிக் காத்திருக்கிறது. படகிலிருந்து நீங்கள் குதிக்கும்போது நீர் அதன் முகத்தில் அறைகிறது. எதிர்நீரோட்டம் அதன் சவ்வைத் தள்ளுகிறது. தப்பித்தவறி வாய் மேல்நோக்கித் திரும்பினால், சவ்வு வாயைவிடக் கீழே போய்விடுகிறது. அந்தச் சில அங்குல நீரின் எடையே மூச்சிழுப்பது போன்ற ஒரு பொய்யைச் சொல்லிவிடும். இளகிய மனம் கொண்ட கருவி அந்தப் பொய்யை நம்பும். நம்பிக் காற்றைக் கொட்டத் தொடங்கும். சிலிண்டர் நிமிடங்களில் வற்றும். ஆக்டோபஸுக்குக் கொஞ்சம் அழுத்தமான மனம் வேண்டும். முதன்மை ரெகுலேட்டர் ஓரங்குல நீரின் இழுப்புக்கே திறக்கும் என்றால், இது ஒன்றரை அங்குலம் வரை பொறுத்திருந்து பார்க்கும். யார் கேட்கிறார்கள், நீரா நெஞ்சா என்று உறுதி செய்துகொண்டு திறக்கும். அந்தப் பின்கட்டில் நான் கேட்ட 'ஸ்ஸ்' இந்த நிதானத்தின் ஓசைதான். விலை குறைந்த ஸ்பிரிங்கின் விறைப்பு என்று நான் நினைத்திருந்தது, காவல்காரனுக்கு வேண்டிய குணம்.

இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் அது நிதானம் ஆகாது, கஞ்சத்தனம். காற்றுக்குத் தவிக்கிறவன் வாய்க்கு அது எட்டாத கதவு. அதனால்தான் அண்ணன் நூல் நூலாக அளந்தார்.

இந்த எளிய கதவில் இன்னொரு அழகும் இருக்கிறது. காற்று வரும் திசையிலேயே திறக்கும்படி அதை வைத்திருக்கிறார்கள். மேலே முதல் நிலை பழுதாகி, தணிக்க வேண்டிய அழுத்தத்தைத் தணிக்காமல் அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? குழாய் வெடிக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மிகுந்த அழுத்தம் அந்தக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வெள்ளம் தானாக வழிந்து கரையைக் காப்பாற்றுமே, அப்படி. கலிங்கு என்று தனியாக ஒன்றைக் கட்டாமல், மதகையே கலிங்காகவும் அமைத்துவிட்ட சிக்கனம் இது. ஸ்கூபாப்ரோவின் ஆர்195 போன்ற பழைய குலத்துக் கருவிகளில் இந்த எளிய அமைப்பை இன்றும் காணலாம். திருகிச் சரிசெய்யக் குமிழ் வேண்டும், ஆடம்பரமாகச் சுழலும் மூட்டு வேண்டும் என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆக்டோபஸில் அந்தக் குமிழ், யாரும் தொடாத ஹார்மோனியக் கட்டை. ஒவ்வொரு கூடுதல் மூட்டும் ஓ-ரிங் என்னும் ஒரு கூடுதல் ரப்பர் வளையம், ஒவ்வொரு ஓ-ரிங்கும் ஒரு நாள் கசியப்போகும் இடம்.

இனி நிறத்துக்கு வருவோம். கடைக் கண்ணாடிப் பெட்டியில் கறுப்பும் வெள்ளியுமாக அடுக்கிய முதன்மை ரெகுலேட்டர்களுக்கு நடுவே, திருவிழாவுக்குக் கிளம்பிய சிறுவன்போல் இது மட்டும் எலுமிச்சை மஞ்சளில் நிற்கும். கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். நீருக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். கடல் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டர் தாண்டுவதற்குள் குங்குமச் சிவப்பு சேற்று நிறம் ஆகிவிடும். அடுத்து ஆரஞ்சு சோர்ந்துபோகும். மஞ்சள் அவற்றைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அதிலும் ஒளிரும் சாயம் கலந்த மஞ்சள், கடல் மிச்சம் வைத்திருக்கும் நீல ஒளியையே குடித்து அதை மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. எல்லாம் நீலத்தில் கரைந்த இருபது மீட்டரில், தோழரின் மார்போரம் அந்த ஒரு புள்ளி மட்டும் மாடத்து விளக்காக நிற்கும். மூடி மட்டுமல்ல, குழாயும் மஞ்சள். கண் பதறும்போது ஒரு புள்ளியைக் காட்டிலும் ஒரு கோட்டைக் கண்டுபிடிப்பது எளிது. கோட்டைப் பிடித்தால் புள்ளி கைக்கு வந்துவிடும்.

குழாயின் நீளத்தை அளந்து பார்க்காமல் இதன் அன்பு புரியாது. நம் வாய்க்கு வரும் முதன்மைக் குழாய் எழுபது, எழுபத்தைந்து சென்டிமீட்டர். தோளைச் சுற்றி வாயை எட்டினால் போதும். ஆக்டோபஸின் குழாய் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்தக் கூடுதல் ஒரு சாண் நமக்காக வைத்ததில்லை. எதிரே இருக்கிறவர் முகத்துக்கும் நம் தோளுக்கும் இடையிலான தூரம் அது. குகைகளுக்குள் போகிறவர்கள் இரண்டு மீட்டருக்கும் மேலான குழாய் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் நீந்தி வெளியேற முடியும் என்பதால். திறந்த கடலில் நமக்கு ஒரு மீட்டர் போதும். முகத்துக்கு முகம் பார்த்து, ஒருவர் தோள்பட்டியை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறுகிற தூரம்.

இந்த இடத்தில் எனக்கு மன்னார் வளைகுடாதான் நினைவுக்கு வருகிறது. முத்துக்குளிக்கக் கடலில் இறங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் மச்சினன்தான் பிடித்திருப்பான் என்று நம் பக்கம் ஒரு சொல்வழக்கு உண்டு. அண்ணன் தம்பியைக்கூட நம்பாமல் மனைவியின் உடன்பிறந்தவனை நம்புவார்களாம். கயிற்றை விட்டால் அறுவது தன் தங்கையின் தாலி என்பதால் அவன் கை தளராதாம். தூத்துக்குடி முத்துச் சலாபம் 1961-ஓடு ஓய்ந்துவிட்டது. கயிறும் போயிற்று. இன்று கடலுக்குள் நம்மோடு வருகிறவர் பல நேரம் அன்று காலையில் படகில் அறிமுகமானவர். பெயர்கூட முழுதாக நினைவிருக்காது. அவருக்கும் நமக்கும் இடையே எந்தத் தாலியும் இல்லை. இந்த மஞ்சள் குழாய் இருக்கிறது. அதை நாம் வாங்கும்போது, அளந்து பார்க்கும்போது, நூல் நூலாகத் தண்ணீரில் இறக்கும்போது, அந்த ஆள் இன்னும் நம் வாழ்க்கையில் வந்தே இருக்க மாட்டார்.

ஒரு காலத்தில் இந்த இரண்டாவது வாயே கிடையாது. 1943-இல் பிரான்சில் கடற்படை அதிகாரி குஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து செய்த கருவியில், காற்றைத் தணிக்கும் வேலை முழுவதும் முதுகிலேயே நடந்தது. அங்கிருந்து இரண்டு மடிப்புக் குழாய்கள் வாய்க்கு வந்தன. போர்க்கால எரிபொருள் தட்டுப்பாட்டில் காருக்கு வாயு ஊட்டுவதற்காகக் கான்யான் செய்த வால்வுதான் அதன் மூலம் என்பது தனிச் சுவை. 1950களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியர் டெட் எல்ட்ரெட் போர்பஸ் என்ற பெயரில் ஒற்றைக் குழாய்க் கருவியைக் கொண்டுவந்தார். தணிக்கும் வேலை இரண்டாகப் பிரிந்தது. பாதி முதுகில், பாதி வாயில். அப்படிப் பிரிந்ததால்தான் பிற்பாடு அதே முதல் நிலையிலிருந்து இன்னொரு கிளை வைக்க முடிந்தது. அதுவரை காற்று தீர்ந்தவரோடு ஒரே மவுத்பீஸைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். எனக்கு இரண்டு மூச்சு, உனக்கு இரண்டு மூச்சு. படிக்க அழகாக இருக்கிறது. நடுங்கும் ஒருவனிடம் இரண்டு மூச்சோடு திருப்பிக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். இன்றைய தொடக்கநிலைப் பயிற்சிகளில் பெரும்பாலும் அது இல்லை.

இப்போது கீழ்ப்புறம் திரும்புங்கள். மூச்சை வெளியே விடும்போது குமிழ்கள் போவதற்கு அங்கே ஒரு மென்மையான ரப்பர் வால்வு, மழைக்கு முளைத்த நாய்க்குடை போல. அதன் மேல் இரண்டு பக்கமும் விரிந்த ஒரு பிளாஸ்டிக் மூடி. குமிழ்கள் கண்ணை மறைக்காமல் காதோரம் பிரிந்து போக. அதை நான் மீசை என்று சொல்லிக்கொள்வேன். முதன்மை ரெகுலேட்டரில் முறுக்கிய பெரிய மீசை. ஆக்டோபஸில் இடத்தை அடைக்காத அரும்பு மீசை. கிரெஸ்ஸியின் காம்பாக்ட் போன்றவற்றில் உடலையே ஒடுக்கி, உள்ளங்கைக்குள் அடங்கும்படி செய்திருப்பார்கள். அப்படி ஒன்றைக் கையில் வைத்து மூடிப் பாருங்கள், மாதுளம்பழம் ஏந்தியதுபோல் இருக்கும்.

மீசை கீழே இருப்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. வழக்கமான இரண்டாம் நிலைக்கு மேல் கீழ் உண்டு. தலைகீழாக வாயில் வைத்தால் வெளியேறும் வால்வு மேலே போய்விடும். உள்ளே தேங்கிய நீர் வெளியேற வழியில்லாமல், மூச்சோடு உப்புத் தண்ணீரும் வரும். அதுவும் எதிரெதிரே நிற்கும்போது நம் வலப்பக்கம் அவருக்கு இடப்பக்கம். குழாய் ஒரு வளைவு எடுத்துத்தான் அவர் வாய்க்கு நேராகப் போக முடியும். பதற்றத்தில் மேல் எது கீழ் எது என்று யார் பார்க்கிறார்கள்? இதை எண்ணி மனமுருகிச் செய்தவை சில. 1958-இல் வந்த சுவீடனின் பொசைடன் சைக்ளான், குமிழ்களைப் பக்கவாட்டில் விடும். இப்படி வைத்தாலும் அப்படி வைத்தாலும் சரி. ஏபெக்ஸின் ஈகிரஸ், ஆக்டோபஸாக மட்டுமே இருக்கப் பிறந்தது. அதற்கும் தலைகீழ் என்பதே கிடையாது. கொடுக்கிறவர் யோசிக்க வேண்டாம், வாங்குகிறவர் திருப்ப வேண்டாம். கொஞ்சம் கூடுதல் பணம் கையில் இருந்தால், சமன் செய்த வால்வுக்குக் கொடுப்பதைவிட இதற்குக் கொடுப்பேன். என் கையில் இருக்கவில்லை. ஆகவே சாதாரண மீசைக்காரனையே வாங்கி, மவுத்பீஸின் மேல்புறம் கட்டைவிரல் எப்போதும் வந்து விழும்படி எடுத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டேன்.

உடல் பிளாஸ்டிக் என்பதற்காகச் சிலர் முகம் சுளிப்பார்கள். உலோக உடல் நாம் விடும் மூச்சின் ஈரத்தைக் குளிர்ந்த சுவரில் பிடித்து வைத்து, அடுத்த மூச்சில் திருப்பித் தரும், தொண்டை வறளாது. மெய்தான். ஆனால் ஆக்டோபஸில் யாரும் தொண்டை வறளும் அளவுக்கு மூச்சு விடப்போவதில்லை. பிளாஸ்டிக் உப்புக்குத் துருப்பிடிக்காது, எடை இராது, தொங்கும்போது குழாயை இழுக்காது. குளிர்கடலுக்கென்று கூடுதல் காப்புச் செய்தவையும் விலை அதிகம். பத்து டிகிரிக்குக் கீழான நீருக்கு உரியவை அவை. அந்தமானின் இருபத்தெட்டு டிகிரி நீரில் அந்தக் காப்பு, சித்திரை வெயிலில் போர்த்திய கம்பளி. அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை.

உறுத்த வேண்டிய இடங்கள் வேறு. ஐரோப்பியத் தரமான இஎன் 250-இல் ஒரு சின்ன எழுத்தைத் தேடுங்கள்: எண்ணுக்குப் பின்னால் 'ஏ'. ஒரே முதல் நிலையிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சிழுத்தாலும் தாங்குகிறதா என்று சோதித்ததற்கான அடையாளம் அது. ஒற்றை எழுத்துக்குள் இரண்டு நெஞ்சுகள். சோதனையும் தொகுப்பாகத்தான் நடக்கும், குறிப்பிட்ட முதல் நிலையோடு. திருகுபுரிகள் பெரும்பாலும் பொது அளவு என்பதால் எந்தக் கம்பெனியின் ஆக்டோபஸையும் எந்த முதல் நிலையிலும் முடுக்கிவிடலாம். முடுக்க முடிகிறது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று ஆகாது. இடைநிலை அழுத்தம் இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். என் வசதிக்கு நான் ஒரே கம்பெனியில் இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் பிரித்து மாட்டும்போது ஒரே வகை உதிரிப் பை போதும் என்கிற வீட்டுக் கணக்கு.

அந்த இடைநிலை அழுத்தத்தைக் காட்டும் கேஜைச் சற்று நேரம் பார்த்திருங்கள், அதுவே ஒரு காட்சி. சிலிண்டரைத் திறந்ததும் முள் ஒன்பதரையில் வந்து நிற்கும். முன்மூடியில், அழுத்தினால் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனைத் தட்டினால் சற்றே தாழ்ந்து, துள்ளி, அதே இடத்தில் மீண்டும் அமரும். நல்ல முதல் நிலையில் அப்புறம் அது அசையாது. ஐந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கும், குளத்தில் நின்ற கொக்காக. மெல்ல மெல்ல மேலே ஊர்ந்தால், உள்ளே வால்வு அமரும் சீட் தேய்ந்திருக்கிறது. மலிவு என்று இரண்டாம் கையில் வாங்குகிறவர்களுக்கு அந்த முள்ளைவிட உண்மை பேசும் சாட்சி இல்லை. இன்னொரு சாட்சியும் உண்டு: முதல் நிலையின் வாயில் இருக்கும் பொடி உலோக வடிகட்டி. வெள்ளியாக மின்னினால் நிம்மதி. பச்சை படர்ந்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் துருப்பிடித்த சிலிண்டரோடு வாழ்ந்திருக்கிறது. குழாயின் முனைகளில் உள்ள ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, உலோகம் கவ்வும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கருவியை மலிவாக வாங்கலாம். குழாயைப் புதிதாக வாங்குங்கள்.

புதிதாகவே வாங்கினாலும் சாதாரண ஆக்டோபஸ் நூறு, நூற்றைம்பது டாலருக்குள் அடங்கிவிடுகிறது. என்ன கிடைக்கிறது அதற்கு? பதினோரு லிட்டர் சிலிண்டரில் ஐம்பது பார் மிச்சம் என்றால் ஐந்நூற்றைம்பது லிட்டர் காற்று. அச்சத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு முப்பது லிட்டர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். இருபது மீட்டரிலிருந்து நிமிடத்துக்கு ஒன்பது மீட்டராக, அவசரப்படாமல் ஏறினால், இருவருக்கும் சேர்த்து முந்நூறு லிட்டர்கூட ஆகாது. அந்தக் கணக்கை ஒரு மாலையில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். போட்டு முடித்ததும் அந்த மஞ்சள் வட்டத்தின் மேல் ஒருமுறை கைவைத்தேன்.

எங்கே வைப்பது என்பதும் ஒரு கலை. முகவாயிலிருந்து விலா எலும்புகளின் இரு கீழ்முனைகள் வரை ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள், அதற்குள் எங்காவது. முன்னால், கண்ணுக்குத் தெரியும்படி, ஓர் இழுப்பில் வந்துவிடும்படி. காந்தப்பூட்டு விற்கிறார்கள், அழகான கிளிப்புகள் விற்கிறார்கள். சிலிகோன் வளையம் ஒன்று போதும், பிடிப்பு தளராமலும் இழுத்தால் விடுவதாகவும் இருந்தால். சிலர் மீள்கயிற்றில் கோத்துக் கழுத்தடியில் பதக்கமாகத் தொங்கவிட்டு, வாயில் இருப்பதையே எடுத்து மற்றவருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பதக்கத்துக்கு மாறிக்கொள்வார்கள். வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த மூச்சைக் கொடுப்பது! எனக்கு அது மிகப் பிடிக்கும். காற்றடைப்புச் சட்டையின் ஊதுகுழலிலேயே ரெகுலேட்டரைச் சேர்த்து ஒரு குழாயை மிச்சப்படுத்தும் வகையும் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான், மனம் ஒப்பவில்லை. எப்படி மாட்டினாலும் தொங்கி இழுபடக் கூடாது. பவளத்தின் மேல் அசைந்தாடிப் போகும் ஆக்டோபஸைப் போன்ற அவலட்சணம் கடலில் வேறில்லை. பவளக் கிளையும் முறியும், பர்ஜ் பட்டனுக்குள் மணலும் புகும். பிறகு அந்த நெம்புகோல் வணங்காது.

மிஞ்சியது மவுத்பீஸ். அதில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. கூடவே வந்தது விறைப்பாக, வளையாத ரப்பராக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு வாய் அதை முதல்முறை கவ்வப்போகிறது. நடுங்கும் பற்களுக்கு அது சட்டென்று பிடிபட வேண்டும். மெத்தென்ற சிலிகோனில், பெரிய வாய்க்கும் சிறிய வாய்க்கும் ஏற்கும் நடுத்தர அளவில் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. பழையதை அறுத்து எடுத்துவிட்டு அண்ணன் புதியதைப் பொருத்தினார். அதன் கழுத்தில் ஒரு ஜிப் டையைச் சுற்றி, பல் பல்லாக இழுத்து இறுக்கினார். முடிச்சுத் தலை கன்னத்தில் படாமல் இருக்க, அதைச் சற்றுத் திருப்பிக் கீழ்ப்பக்கமாக வைத்தார். மிச்ச வாலை வெட்டுக்குறட்டால் நறுக்கினார். நறுக்கிய இடத்தில் விரல்நுனியால் தடவிப் பார்த்தார். ஏதோ நெருடியிருக்க வேண்டும். நகவெட்டியை எடுத்து இன்னும் ஒரு துணுக்கு வெட்டினார். மறுபடி தடவினார். பிறகு என்னிடம் நீட்டி, "நீங்களும் ஒருதரம் பாருங்க, குத்துதா?" என்றார்.